எழுதுகிற டாக்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் எழுதவும் செய்கிறேன். நோயைப் பற்றி, அரசாங்கத்தைப் பற்றி, வீட்டில் நடக்கும் சில்லறைச் சண்டைகளைப் பற்றி, எது கண்ணில் பட்டாலும் அதைப் பற்றி. வாசகர்கள், சக டாக்டர்கள், எழுத ஆசைப்படும் ஹவுஸ் சர்ஜன்கள், சில நோயாளிகள், ஒருமுறை என் மாமனார் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

டாக்டருக்கு எதற்கு எழுத்து வேலை? நோயாளிகள் வரவில்லையா?

மாமனார் கேட்டது இதுதான். அவர் கேட்டதில் முழுத் தப்பும் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கானன் டாயில் 1891-ல் லண்டனில் கண் மருத்துவராக ஓர் அறை எடுத்து உட்கார்ந்தார். ஒரு நோயாளிகூடப் படியேறவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். கதை எழுதத் தாராளமாக நேரம் கிடைத்தது.

அதற்கு நேர்மாறானவர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நாற்பது வருடம் குழந்தை மருத்துவம் பார்த்தார், பிரசவம் பார்த்தார், வீடு வீடாகப் போனார். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த சில நிமிடங்களில் பிரிஸ்கிரிப்ஷன் தாளிலேயே கவிதை எழுதினார். ஆக, கூட்டத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை.

என் காரணத்தைச் சொல்கிறேன். ஒருவர் வயிற்று வலி என்று வருகிறார். கேஸ் ஷீட்டில் "மூன்று நாளாக மேல்வயிற்றில் வலி, வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை" என்று எழுதிக்கொள்கிறேன். ஆனால் அவர் என்னிடம் சொன்னது அது மட்டும் இல்லை. மகள் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன அன்று ராத்திரி வலி ஆரம்பித்தது என்றார். தட்டில் போட்டதை அப்படியே மூடிவைத்துவிட்டுப் படுத்ததாகச் சொன்னார். கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. எண்டோஸ்கோப்பி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த மூடிவைத்த தட்டு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் ஓபியில் அறுபது பேரைப் பார்த்தால் இப்படி நாலைந்தாவது சேரும். எங்காவது இறக்கிவைக்க வேண்டாமா?

மருத்துவத்தோடு அரசியலையும் அன்றாட வாழ்க்கையையும் கலந்து எழுதுவது இந்தக் காலத்து மோஸ்தர்தானே?

இல்லை. எனக்குப் பிடித்த உதாரணம் ஜேம்ஸ் பார்க்கின்சன். அந்தப் பெயரைக் கேட்டால் நமக்குக் கை நடுக்க நோய்தான் ஞாபகம் வரும். லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டனில் மருந்தும் அறுவையும் பார்த்த சாதாரண வைத்தியர் அவர். 1790-களில் "ஓல்ட் ஹியூபர்ட்" என்ற புனைபெயரில் அரசாங்கத்தைக் கிழித்துத் துண்டறிக்கைகள் எழுதினார். ஏழைகளின் நிலை, வாக்குரிமை, நாடாளுமன்றச் சீர்திருத்தம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1794-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நச்சு அம்பு எய்து கொல்லச் சதி என்று ஒரு வழக்கு கிளம்பியது. விளையாட்டுத் துப்பாக்கி போன்ற ஒரு குழாயால் எய்யத் திட்டமாம். கைதானவர்களை இவருக்குத் தெரியும் என்பதால் அரச ஆலோசனைக் குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டிவந்தது.

அதே மனிதர் சாமானியர்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி எளிய உடல்நலப் புத்தகங்களும் எழுதினார். 1817-ல் நடுக்க வாதம் பற்றிய சிறு நூல் வந்தது. அதில் அவர் விவரிக்கும் நோயாளிகள் மொத்தமே ஆறு பேர். அவர்களில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே இல்லை, தெருவில் நடந்துபோனதைப் பார்த்துக் கவனித்தவர்கள். முன்னால் சாய்ந்தபடி, நடை தானாக ஓட்டமாக மாறுவதை ரோட்டில் நின்று பார்த்துக் குறித்திருக்கிறார். பிரான்ஸின் நரம்பு மருத்துவர் ஷார்கோ அந்த நோய்க்கு அவர் பெயரைச் சூட்டியது பல வருடங்கள் கழித்துத்தான்.

இவருடைய எழுத்தில் மருத்துவம் எது, அரசியல் எது, தெரு எது என்று பிரிக்கப் பார்த்தால் பிரியாது. ஏழைகளின் பசியைக் கண்ட கண்தான் அந்தத் தள்ளாட்டத்தையும் கண்டது.

நோயாளியின் கதையை எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

கேட்க வேண்டிய கேள்வி. பலர் கேட்பதில்லை. நீண்ட பதில்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவைப் பற்றி எழுதினேன். வயதைக் குறைத்தேன். ஊரை எடுத்தேன். நோயைக்கூடக் கொஞ்சம் மாற்றினேன். அவர் கையில் கட்டியிருந்த வாட்ச்சை மட்டும் விட்டுவைத்தேன். இறந்துபோன கணவருடைய ஸ்டீல் செயின் வாட்ச் அது. அந்த ஒல்லிக் கையில் நிற்காமல் முழங்கை வரைக்கும் வழுக்கி ஏறும். அதற்காக ஒரு பச்சை ரப்பர் பேண்டைச் சுற்றி நிறுத்தியிருப்பார். நான் பிபி பார்க்கப் பட்டையை எடுத்ததும் வாட்ச்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். முடிந்ததும் ஒருமுறை மணி பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கட்டுவார். ஓடாத வாட்ச். எழுதுகிறவன் கையில் இது கிடைத்தால் விடுவானா?

இரண்டு மாதம் கழித்து அடுத்த செக்கப்புக்கு வந்தார். பிபி பார்த்து முடித்தேன். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது.

"இந்த வாட்ச் நம்மளோடதுதானே டாக்டர்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

"எழுதுனது பரவாயில்ல. ஆனா அன்னைக்கு நான் அழவே இல்லையே. நீங்க அழுதேன்னு எழுதிட்டீங்க. பையன் படிச்சுட்டு, எங்கிட்ட ஏம்மா சொல்லலன்னு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான்."

அவர் அழவில்லை என்பது உண்மை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, மடித்து, "அடுத்தது எப்ப வரணும்?" என்று மட்டும்தான் கேட்டார். அந்த இடத்தில் எழுத்துக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்ததால் இரண்டு சொட்டுக் கண்ணீரை நான்தான் சேர்த்தேன். எழுத்துக்காரன் புத்தி. அவர் ரகசியத்தை வெளியே விட்டது ஒரு தப்பு. அவரிடம் இல்லாத பலவீனத்தை அவர் பெயரில் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. அன்று ராத்திரியே அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, படிக்க வேண்டியவன் படித்தாகிவிட்டது.

அதன்பின் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: அந்த நோயாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எழுத எழுதப் படிக்கிறார். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அடையாளம் தெரியக்கூடிய எதுவாக இருந்தாலும் அவரிடமே கேட்டு, எழுதியதைக் காட்டி, சம்மதம் வாங்க வேண்டும். இந்த வாட்ச் விஷயத்தை இங்கே எழுதலாமா என்றும் அவரிடம் கேட்டேன். எழுதுங்கள், ஆனால் ரப்பர் பேண்டின் நிறத்தை மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன்.

பெயரையும் வயதையும் மாற்றிவிட்டால் போதாதா?

மேலே சொன்னதே பதில். பெயரை வைத்து யாரும் யாரையும் கண்டுபிடிப்பதில்லை. பேச்சுவழக்கு, பழக்கம், கையில் இருக்கும் பொருள், "மூன்று பெண் குழந்தைகளுக்குப் பிறகு" என்பது மாதிரி ஒரு குடும்ப விவரம், இவைதான் காட்டிக்கொடுக்கும். போட்டோ போடுகிறவர்கள் கண்ணின் மேல் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு அது போதாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால் எழுத்து மூலம் சம்மதம் வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாற்றுகிறேன் பேர்வழி என்று மருத்துவ உண்மையை மாற்றிவிடக் கூடாது. எழுபது வயதுக்காரரை முப்பதாக்கினால் நெஞ்சு வலிக்கு அர்த்தமே வேறு. நான் செய்வது இது: நேரத்தை நகர்த்துவேன். நேற்று நடந்ததை ஒரு வருடமாவது ஊறவைத்து எழுதுவேன். எந்த மருத்துவமனை, எந்த ஷிப்ட், எந்த வார்டு என்பது எதுவும் இருக்காது. சுடச்சுட எழுதினால் அதே வார்டு நர்ஸ் முதல் வரியிலேயே படுக்கை எண்ணைச் சொல்லிவிடுவார்.

நோயாளி இறந்துபோய்விட்டால்?

அப்போதும் ரகசியம் ரகசியம்தான். உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழியில் இது நேரடியாகவே இருக்கிறது. இறந்தவருக்கு மனைவி இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். சம்மதம் கேட்க வேண்டியது அவர்களிடம். கேட்கத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கமே பதில். எழுத வேண்டாம்.

டாக்டர் அரசியல் எழுதலாமா? மருந்து எழுதினால் போதாதா?

1848-ல் ப்ரஷ்யா என்ற அன்றைய ஜெர்மானிய நாட்டின் மேல் சைலீசியா பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியது. பார்த்துவிட்டு அறிக்கை கொடு என்று அரசாங்கம் ருடால்ஃப் விர்ச்சோ என்ற இளம் டாக்டரை அனுப்பியது. வயது 26. சில வாரம் சுற்றினார். திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில் மருந்துப் பட்டியலை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். மக்களுக்குக் கல்வி கொடுங்கள், அதுவும் அவர்கள் பேசும் போலிஷ் மொழியிலேயே கொடுங்கள், ரோடு போடுங்கள், வரியை வசதியானவர்கள் பக்கம் நகர்த்துங்கள், முழு ஜனநாயகம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். பசியும் நெரிசலும்தான் நோயைப் பரப்பின, அவற்றை மாத்திரை கொடுத்துப் போக்க முடியாது என்பது அவர் கண்டது. அந்த வருடமே ஒரு வார இதழையும் தொடங்கி இதையே எழுதினார். அடுத்த வருடம் பெர்லின் வேலை போயிற்று. பின்னாளில் திரும்பிவந்து, நகரமன்ற உறுப்பினராகி, பெர்லினுக்குச் சாக்கடைத் திட்டம் வர முன்னின்றார். அதனால் தப்பிய உயிர்கள் அவர் ஓபியில் பார்த்த நோயாளிகளைவிட நிச்சயம் அதிகம்.

கட்சி பேசாமலும் எழுதலாம். டாக்டரும் எழுத்தாளருமான ஆன்டன் செகாவ் 1890-ல் ரஷ்யாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, சகாலின் தீவுச் சிறைக் குடியேற்றத்துக்குப் போனார். அதற்குள் அவர் இருமலில் ரத்தம் வர ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒருவருக்கு ஓர் அட்டை என்று ஏறக்குறைய பத்தாயிரம் அட்டைகளை நிரப்பினார். பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன நோய். கோஷம் ஒன்றும் போடவில்லை. கேஸ் ஷீட் எழுதுகிற மாதிரி எழுதினார். அந்தத் தீவில் என்ன நடக்கிறது என்பது அதன்பின் ரஷ்யாவில் பலருக்கும் தெரிந்தது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். ழான் பால் மராவும் டாக்டர்தான். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1789-ல் பத்திரிகை ஆரம்பித்தார். நாடு நலம்பெற இத்தனை நூறு தலைகளை வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினார். 1793-ல் குளியல் தொட்டியில் வைத்து அவரையே ஓர் இளம்பெண் குத்திக் கொன்றார். டாக்டர்கள் அரசியல் எழுதும்போது எனக்குப் பயமாக இருப்பது இந்த உவமைப் பழக்கம்தான். "சமூகத்தைப் பிடித்த புற்றுநோய்", "அழுகிய உறுப்பை அகற்று". ஆபரேஷன் தியேட்டரில் அகற்றப்படுவது சதை. கட்டுரையில் அகற்றச் சொல்வது மனிதர்களை. நான் எழுதிய பழைய கட்டுரைகளிலும் இரண்டு இடத்தில் "புற்றுநோய்" இருந்தது. கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு வாசகர், "நான் என்ன டாக்டர் பாவம் பண்ணினேன்?" என்று கேட்டபிறகு எடுத்தேன்.

உங்கள் அரசியல் பிடிக்காத நோயாளி உங்களிடம் எப்படி வருவார்?

வருகிறார்கள். சிலர் வராமலும் போயிருப்பார்கள், அது எனக்குத் தெரிய வழியில்லை. உட்கார்ந்ததும் "நீங்க எழுதுறது எனக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டியவரும் உண்டு. அது ஆரோக்கியமான உறவு.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். கன்சல்டிங் அறையில் அரசியல் கிடையாது. அவராக ஆரம்பித்தாலும் "மூச்சை இழுத்து விடுங்க" என்று ஸ்டெத்தை வைத்துவிடுவேன். அடுத்தது, "ஒரு டாக்டராகச் சொல்கிறேன்" என்ற சொற்றொடரை எங்கே போடுகிறேன் என்பது. அணைக்கட்டு, வட்டி விகிதம், எல்லைத் தகராறு இவற்றில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே அறிவுதான். அங்கே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பேசினால் அது ஏமாற்று. குடிதண்ணீர், புகையிலை, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாதது, இவற்றில் டாக்டராகவே பேசலாம், பேசவும் வேண்டும்.

டாக்டர் எழுதினால் அது சரியாகத்தானே இருக்கும்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-ல் ஒரு குழந்தை வளர்ப்பு நூல் எழுதினார். கோடிக்கணக்கில் விற்றது. "உங்களை நம்புங்கள்" என்று தாய்மார்களிடம் பேசிய அன்பான குரல். பிறகு வியட்நாம் போரை எதிர்த்தார். கட்டாய ராணுவச் சேவையை மறுக்கும் இளைஞர்களுக்குத் துணைபோனதாக 1968-ல் தண்டிக்கப்பட்டார். அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1972-ல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே நூலின் 1950-களின் பதிப்பில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லியிருந்தார். மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் புரையேறிவிடும் என்பது காரணம். கேட்டால் நியாயமாகத்தான் படும். குப்புறப் படுக்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்து அதிகம் என்பது பின்னால் தெளிவானது. 1990-களில் மல்லாந்து படுக்கவையுங்கள் என்று நாடு நாடாகப் பிரச்சாரம் நடந்தபிறகு அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒருவர், சோதித்துப் பார்க்காத ஒரு யோசனையை நல்ல நடையில் எழுதினார். நடை நன்றாக இருந்ததால்தான் அது அத்தனை தொட்டில்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு இதை நினைத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடத் தோன்றும்.

கெட்டதும் உண்டு. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை-பொன்னுக்கு வீங்கி-ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டுக் கட்டுரை வெளியிட்டார். 2010-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இடையில் 12 வருடம். பயம் இன்னும் போகவில்லை.

படிக்கிறவர் என்ன செய்யலாம்? எண் வந்தால் "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். 1995-ல் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக் கட்டி அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. இரட்டிப்பு என்றால் எவ்வளவு? 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது. கர்ப்பத்தில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். எச்சரிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. எண்ணைச் சொன்ன விதம்தான் அவ்வளவும் செய்தது.

அப்புறம், எழுதியவர் தன் பழைய தப்பை எங்காவது திருத்தியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். ஒரு திருத்தம்கூட இல்லாமல் பத்து வருடம் மருத்துவம் எழுதியிருந்தால் எனக்கு அவரை நம்பக் கஷ்டமாக இருக்கும்.

புனைபெயரில் எழுதினால் பாதுகாப்புதானே?

ஹவுஸ் சர்ஜன்கள் அதிகம் கேட்பது. மேலதிகாரி பயம். நியாயமான பயம்தான்.

2007-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு குழந்தை மருத்துவர் மீது சிகிச்சைக் குறைபாட்டு வழக்கு நடந்தது. அவர் இணையத்தில் ஒரு புனைபெயரில் எழுதிவந்தார். வழக்கு நடக்கிறபோதே அந்த வழக்கைப் பற்றியும், எதிர்தரப்பு வக்கீலைப் பற்றியும், ஜூரிகளைப் பற்றியும் கிண்டலாக எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் கூண்டில் நின்றபோது எதிர்தரப்பு வக்கீல் அந்தப் புனைபெயரைச் சொல்லி, அது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர வழியில்லை. மறுநாளே வழக்கு பணம் கொடுத்துச் சமரசமானது.

புனைபெயர் வாசலில் போடும் திரை மாதிரி. காற்றடிக்கும் வரைக்கும் மறைக்கும். ஆபத்தான உண்மையைச் சொல்லப் புனைபெயர் வைத்தால் எனக்கு மரியாதை உண்டு, பார்க்கின்சன் வைத்தது அப்படித்தான். சொந்தப் பெயரில் சொல்லக் கூசுகிற கேலியைச் சொல்ல வைத்தால், அந்தக் கேலியே வேண்டாம்.

எழுதாமலே இருந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் வேலை பார்த்த பிரசவ வார்டில், ஏப்ரல் மாதம் மட்டும் நூறு தாய்மார்களில் 18 பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே வந்து கை வைக்கிறார்கள், அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஜூன் மாதம் நூற்றுக்கு இரண்டு என்று இறங்கியது. இப்படி ஒன்றைக் கண்டவர் ஓடிப்போய் எழுத வேண்டாமா? அவருக்கு எழுதுவதே பிடிக்காது. நண்பர்கள்தான் அவர் சார்பில் முதலில் எழுதினார்கள். அவருடைய நூல் வந்தது 1861-ல். 14 வருடம் கழித்து. அதுவும் முட்டிமோதிப் படிக்க வேண்டிய நூல். பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. மேலே நான் புகழ்ந்த விர்ச்சோவும் ஏற்காதவர்களில் ஒருவர். ஆத்திரத்தில் செம்மல்வைஸ் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே குறிப்பிட்டுப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865-ல் மனநல விடுதியில் இறந்தார். உண்மை அவர் பக்கம் இருந்தது. அதை நாலு பேருக்குப் புரியும்படி, நேரத்தோடு, கோபத்தை அடக்கி எழுத ஆளில்லாமல் போனது. நடுவில் எத்தனை தாய்மார்கள் போனார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சீனாவின் வூஹானில் கண் மருத்துவர் லி வென்லியாங் 2019 டிசம்பர் 30 அன்று உடன் படித்த டாக்டர்களின் குழுவில், சார்ஸ் போன்ற நோய் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று எழுதினார். நாலு நாளில் போலீஸ் அழைத்து, வதந்தி பரப்பியதாக எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். அவர் எழுதியது சில வரிகள்தான்.

வீட்டு விஷயங்களையும் எழுதுகிறீர்களே, வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

சொல்வார்கள். நோயாளியிடம் சம்மதம் வாங்குகிற ஆள் பெண்டாட்டியிடம் வாங்குவதில்லை என்று என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு சொன்னார். அன்றிலிருந்து அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பட்டியலில் சேர்ந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் அவளும் சேர்ந்துகொண்டாள். அவள்தான் மூவரிலும் கடுமையான ஆசிரியர்.

ஆனாலும் அன்றாடத்தை எழுதாமல் இருக்க முடியாது. டாக்டரும் பல் வலி வந்தால் பல் டாக்டரைத் தள்ளிப்போடுகிறவன்தான் என்று நோயாளிக்குத் தெரிந்தால், "நேத்து மாத்திரை போடல சார்" என்று என்னிடம் பயமில்லாமல் சொல்கிறார். மருந்தை மாற்றும் முன் எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

நேரம் எங்கே கிடைக்கிறது?

கிடைப்பதில்லை. நைட் டூட்டி முடிந்த காலையில் எழுத மாட்டேன், அப்போது எல்லாமே காவியமாகத் தெரியும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். மற்ற நாட்களில் ஒரு சின்ன நோட்டு, அதில் பெயர் இருக்காது, வெறும் சொற்கள். போன வாரப் பக்கத்தில் "ஒற்றைச் செருப்பு" என்றிருக்கிறது. எதற்கு எழுதினேன் என்று இன்னும் ஞாபகம் வரவில்லை.

மருந்து கம்பெனிகள் எழுதப் பணம் தருமா?

கேட்டுக்கொண்டு வருவார்கள். நேரடியாகப் பணம் என்று வராது. கருத்தரங்கு, பயணம், "உங்கள் கருத்தை மட்டும் எழுதுங்கள்" என்று வரும். அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி டாக்டர்களுக்குக் கம்பெனிகள் கொடுப்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, வாங்கினால் கட்டுரையின் முதல் பத்தியில் சொல்லிவிட வேண்டும். அடியில் சின்ன எழுத்தில் இல்லை. நான் வாங்குவதில்லை. மருந்தின் பிராண்ட் பெயரும் எழுதுவதில்லை.

என் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். இது எனக்கு வரும் கேள்விகளில் பாதி.

திமிர் இல்லை. ஹீமோகுளோபின் 9 என்று ஒரு தாளைப் பார்க்கிறேன். உங்கள் நகத்தைப் பார்க்கவில்லை, கண் இமையை இழுத்துப் பார்க்கவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்கவில்லை, மலம் கறுப்பாகப் போகிறதா என்று நீங்கள் சொல்லக் கூச்சப்படும்போது முகத்தைப் பார்த்துத் திரும்பக் கேட்க வழியில்லை. அதே 9, ஒருவருக்கு இரும்புச்சத்து மாத்திரையில் சரியாகும், இன்னொருவருக்குக் குடலில் புற்றுநோய் இருப்பதன் முதல் அடையாளம். உங்களைத் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு டாக்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். போகும்போது, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைவலிக்குக் கடையில் வாங்கிப் போட்டதையும் சேர்த்து.